காக்கைகளைப் பகைத்துக்கொண்ட ஹெல்மெட் அண்ணன்

மதுரையில் வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடாதவர்கள் ஊர்கொள்ளாத கூட்டம். நடந்து போகும்போது ஹெல்மெட் போட்டவர் ஒரே ஒருவர்தான். எங்கள் வில்லாபுரம் ஹெல்மெட் அண்ணன். வண்டியில் போகும்போதும் போட்டாரா என்று கேட்காதீர்கள். அவரிடம் வண்டியே கிடையாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்து வந்த அந்தப் பெயர், அவர் ஓய்வுபெற்ற அன்றே தானும் ஓய்வுபெற்றுவிட்டது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் சூப்பிரண்டெண்ட். வாரம் முழுக்க மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பு பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கழுத்தில் பைனாகுலரும் தலையில் ஹெல்மெட்டுமாக ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் பறவை பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. தொப்பையும் சர்க்கரையும் கைகோத்து வந்திருந்தன. வெயில் என்பது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் சங்கதி என்று நினைத்திருந்த ஆள் நான். ஒருநாள் அண்ணன் என் வயிற்றை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இம்புட்டுப் பெரிய டிபன் கேரியர இடுப்புல கட்டிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு அலையப் போற? ஞாயித்துக்கெழம விடியக்காலைல வந்துரு."

மேலதிகாரி ஆயிற்றே என்று போனேன். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நான் தூங்கவில்லை. தொப்பை குறைந்ததோ இல்லையோ, உலகத்தில் பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் அந்த மனிதர்தான்.

நாங்கள் நாலைந்து பேர் அவர் பின்னால் போவோம். எல்லோரும் தலை நரைக்கத் தொடங்கியவர்கள். அதில் முக்கியமானவர் தெற்குமாசி வீதிப் பக்கம் அத்தர் கடை வைத்திருக்கும் ஃபாரூக் பாய். அவர் வந்த முதல் நாளே அண்ணன் மூக்கைச் சுளித்தார்.

"பாய், அத்தர் போட்டுட்டு வராதீக. நாரை பறந்துரும்."

"நாரைக்கு வாசம் தெரியுமாண்ணே?"

"மூக்கு அம்புட்டு நீளமா இருக்குல்ல? அது எதுக்காம்?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் ஆதாரம் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் அடித்துச் சொன்னால் அதோடு முடிந்தது. பறவைகளின் சரியான பெயர்கள் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் எங்களுக்கு மனதில் நிற்க வேண்டும் என்று அலுவலகப் பெயர்களாக வைத்துவிட்டார். மணிக்கணக்காக அசையாமல் நின்று, மீன் வந்தால் மட்டும் குனியும் சாம்பல்நாரை, மேனேஜர். முங்கி எழுந்து கரையில் இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி வேலையே செய்யாமல் நிற்கும் நீர்க்காகம், யூனியன் செயலாளர். இன்றைக்கும் எந்த மேனேஜரைப் பார்த்தாலும் அவர் காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று என் கண் தேடுகிறது.

திருவாதவூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போயிருந்தோம். கிட்டத்தில் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு என்று அண்ணன் தண்ணீரில் இறங்கிவிட்டார். கழுத்தளவுத் தண்ணீர். கரையிலிருந்து பார்த்தால் ஒரு ஹெல்மெட் மட்டும் தாமரை இலைகளுக்கு நடுவில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மீன் குத்தகை எடுத்தவர் கம்போடு ஓடி வந்தார்.

"யோவ்! யாருய்யா அது, மீனத் திருடுறது?"

"மீனெல்லாம் வேணாம்ணே, பறவை பாக்க வந்தேன்," என்றது ஹெல்மெட்.

"பறவை மேல பறக்குது. நீ ஏன்யா தண்ணிக்குள்ள கெடக்குற?"

அண்ணன் கரையேறி, பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, "இந்தா, நீயே பாரு" என்றார். குத்தகைக்காரர் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தவர், வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியில் ஆளுக்கு ரெண்டு கெண்டை மீன் கொடுத்து அனுப்பினார். திருட வந்திருந்தால்கூட அவ்வளவு கிடைத்திருக்காது.

இனி ஹெல்மெட் கதைக்கு வருகிறேன். அண்ணன் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். அதிலிருந்த கூட்டிலிருந்து ஒரு காக்கைக் குஞ்சு மொட்டைமாடியில் விழுந்துவிட்டது. நம் ஆள் சும்மா இருப்பாரா? ஏணி போட்டு, குஞ்சைக் கையில் ஏந்தி, பத்திரமாகக் கூட்டில் வைத்துவிட்டு இறங்கினார். செய்தது உபகாரம். பார்த்துக்கொண்டிருந்த தாய்க்காக்கைக்கு அது பிள்ளை கடத்தல். அன்றைக்கு ஆரம்பித்தது. அண்ணன் வாசலில் தலை காட்டினால் போதும், தெருக் காக்கை மொத்தமும் கூடி உச்சந்தலையில் கொத்தும். பக்கத்து வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்று பல் விளக்குவார். அவரை ஏனென்றுகூடக் கேட்காது.

அண்ணன் குடை பிடித்துப் பார்த்தார். மார்கழிக் குளிருக்கு வாங்கிய மங்கி கேப்பைச் சித்திரையில் மாட்டிப் பார்த்தார். கடைசியில், முப்பது வருடம் வளர்த்த மீசையை எடுத்துவிட்டு வந்தார். காக்கைகளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்த அவர் மனைவிக்கு, எங்கள் மதினிக்குத்தான் தெரியவில்லை.

"யாரு வேணும்? அவுக வெளிய போயிருக்காகளே," என்றாராம்.

மறுநாள்தான் ஹெல்மெட் வந்தது. சமாதானத்துக்காகத் தினமும் காலையில் மாடியில் சோறும் வைத்தார். அவர் கீழே இறங்குகிற வரை ஒரு காக்கையும் இலைப்பக்கம் வராது. இறங்கியதும் தின்றுவிட்டு, வாசலில் வந்து காத்திருந்து, வழக்கம்போலக் கொத்தும். "உப்பிட்டவர உள்ளளவும் நினைக்கணும்பாக. இதுக என்னடான்னா தலையில கொத்திக் கொத்தி நினைக்குதுக," என்பார் அண்ணன்.

காக்கை தொல்லை தெருமுனையோடு முடிந்துவிடும். ஆனால் ஹெல்மெட் பழகிவிட்டது. அதைக் கழற்றினால் தலை எங்கேயோ போய்விட்டதுபோல இருக்கிறது என்று எங்கே போனாலும் போட்டுக்கொண்டே நடந்தார். ஒருநாள் வில்லாபுரம் முக்கில் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்த போக்குவரத்துப் போலீஸ்காரர், வெறுந்தலையோடு வந்த ஒரு இளைஞனிடம் இவரைக் காட்டிச் சத்தம் போட்டார்.

"நடந்து போற மனுசனே போட்டுருக்காரு. உனக்கென்னடா கேடு?"

அண்ணன் அந்தப் பையனிடம் போய் ஆறுதலாக, "உங்க தெருவுலயும் காக்கா இருக்கும் தம்பி, சூதானமா இரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் எங்கள் எல்லோருக்கும் புளியோதரை கட்டிக் கொடுப்பார். கூட வாருங்கள் என்றால் மட்டும், "காக்காகூடச் சண்ட போடுற மனுசனோட நான் எங்கிட்டு வர்றது? நீங்க போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வார். ஒருமுறைகூட வந்ததில்லை.

போன தை மாதம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். முந்திய ஞாயிறு முட்டிவலி என்று அவர் வரவில்லை. அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று நாங்கள் அவர் இல்லாமலே போய்விட்டு வந்திருந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் வீட்டில் நடந்தது. படம் மாட்டுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. எங்களிடம் இருந்த அத்தனை படத்திலும் ஹெல்மெட்டோடு இருந்தார். கடைசியில் அலுவலக அடையாள அட்டையில் இருந்த வெறுந்தலைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். மொட்டைமாடிச் சுவரோரம் இலை போட்டு, சோறும் வடையும் பாயசமும் வைத்து, பக்கத்திலேயே படத்தையும் சாய்த்து வைத்தார்கள். ஐயர் கா, கா என்று கூப்பிட்டார். காக்கை இலையில் வாய் வைத்தால்தான் கீழே பந்தி.

காக்கை வரவில்லை. வேப்பமரம் நிறைய உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. நாங்கள் நாலைந்து பேரும் பழக்கதோஷத்தில் பைனாகுலரை எடுத்து மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். ஐயருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது என்ன ஓய், சரணாலயமா? உள்ள வைங்கோ!"

உள்ளே வைத்தோம். அப்போதும் வரவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு உறவுக்காரர், "மனுசனுக்கு மனசுல ஏதோ குறை இருக்கு" என்று முணுமுணுத்தார். அது மதினி காதில் விழுந்துவிட்டது. அதுவரை திடமாக நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நாந்தான்யா குறை வச்சேன். அன்னைக்கு முட்டிவலியோட கெளம்பி நின்னாரு. நாந்தான் போகக் கூடாதுன்னு ஹெல்மெட்ட ஒளிச்சு வச்சேன். அந்தக் கண்மாயப் பாக்காமப் போய்ட்டாரே."

மதினி வாழ்நாள் முழுக்க இதையே சுமக்கப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் ஃபாரூக் பாய் தொண்டையைச் செருமினார்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. அண்ணன் மாடியில நின்னா என்னைக்காச்சும் காக்கா இறங்கியிருக்கா? இப்ப மட்டும் எப்பிடி வரும்? அவர இலைக்குப் பக்கத்துலயே உக்கார வச்சிருக்கோம். அதுவும் ஹெல்மெட் இல்லாம."

எல்லோரும் படத்தைப் பார்த்தோம். பிறகு மரத்தைப் பார்த்தோம். ஒரு பெரியவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப் போனார். மதினி எழுந்துவிட்டார்.

"செவுத்தப் பாத்து நிக்க அவரு என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா? எங்கிட்டக் குடுங்க."

படத்தை வாங்கி, இலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவர் முகம் தன்னைப் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டார். மாலையைச் சரிசெய்தார். நாங்கள் ஓசைப்படாமல் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினோம். கொஞ்ச நேரத்தில் பின்னால் சிறகுச் சத்தம் கேட்டது.

மதினி திரும்பவில்லை. "வந்துருச்சா?" என்றார் மெதுவாக.

"வந்துருச்சு மதினி. வடையத் தூக்கிருச்சு."

"ஊர்க்காக்காவா, அண்டங்காக்காவா?"

ஒரு நாளும் எங்களோடு வராதவர் கேட்ட கேள்வி அது. "கழுத்துல சாம்பல் நிறம் மதினி. ஊர்க்காக்காதான்."

"அப்ப நம்ம வேப்பமரத்துக்காரகதான்," என்றவர், மடியிலிருந்த படத்தைப் பார்த்துக் குனிந்தார். அழுதுகொண்டே சிரித்தார். "கேட்டீகளா? அதுகளுக்குக் கோவம் தீந்துபோச்சாம்."

எனக்குத்தான் இன்னும் தீரவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிளம்பிப் போன மனிதர்மேல் கோபம் எப்படித் தீரும்?