தீவுக்குச் சிவப்பு பூசிய வீட்டுக்காரர்

எச்சரிக்கையார் கொதித்துப் போயிருந்தார். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவர் ஆறுகிற வழியாக இல்லை.

“கப்பலா? நானா? இந்த உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது!”

“உயிர் இருக்கும்போதுதாங்க போகணும். அப்புறம் டிக்கெட் தர மாட்டாங்க,” என்றாள் மனைவி.

எச்சரிக்கையார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பயண எச்சரிக்கைப் பிரிவில் அவர் பெரிய தலை. எந்த தேசத்துக்குப் போனால் பர்ஸ் போகும், எங்கே போனால் ஆளே போய்விடுவார், எந்த எல்லையில் என்ன காகிதம் கேட்பார்கள் என்றெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் எழுதி, அதன் தலையில் ஒரு நிறம் பூசுவது அவர் உத்தியோகம். பச்சை என்றால் தாராளமாகப் போகலாம். மஞ்சள் என்றால் யோசித்துப் போகலாம். சிவப்பு என்றால் வீட்டிலேயே கிடக்கலாம். இப்படி உலகத்துக்கே வர்ணம் அடிக்கிற மனுஷர் வாழ்க்கையில் மேற்கொண்ட மிக நீண்ட பயணம், பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போனது. அதற்கும் முன்ஜாக்கிரதையாக இரண்டு குடை கொண்டுபோனார்.

மனைவியின் தம்பி கடலுக்கு நட்டநடுவே ஒரு தீவில் இருந்தான். வானிலை நிலையத்தில் வேலை. விமானம் இறங்க அங்கே இடம் கிடையாது. எப்போதாவது ஒரு சரக்குக் கப்பல் போகும், அதில் கொஞ்சம் ஆட்களும் ஏறிக்கொள்ளலாம். அந்தத் தம்பிக்கு இப்போது தலைப்பிள்ளை பிறந்திருந்தது. இந்தக் கப்பலை விட்டால், அடுத்த கப்பல் வருவதற்குள் குழந்தை எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். அத்தைக்காரி மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டாமா?

“அங்க துறைமுகமே கிடையாது, தெரியுமா? கப்பல் தள்ளி நிக்கும். கயித்து ஏணியில படகுக்கு இறங்கணும்!”

“என் தம்பி பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்கும்போதே அதுல இறங்கினா.”

“டாக்டர் கிடையாது!”

“நர்ஸ் இருக்காங்க. பிரசவமே பாத்தவங்க உங்க தலைவலியைப் பாக்க மாட்டாங்களா?”

“பாங்க் கிடையாது!”

“கடையும் கிடையாது. ரெண்டும் சரியாப் போச்சு.”

உண்மைக் காரணத்தை இரண்டு பேருமே சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், பூங்காவில் இருக்கிற குளத்தில், மிதித்து ஓட்டுகிற வாத்துப் படகில் மச்சினனோடு ஏறினார் எச்சரிக்கையார். முழங்கால் அளவு தண்ணீர். காற்றுகூட இல்லை. பாதிக் குளம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து, வாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “கரை, கரை” என்று அலறினார். மச்சினன் இன்றுவரை எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அதை நடித்துக் காட்டாமல் சாப்பிட உட்காருவதில்லை. அந்தப் பயல் வீட்டுக்கு, அதுவும் கடல் வழியாக! மானமுள்ளவன் போவானா?

“நான் சொன்னா நம்ப மாட்டே. அரசாங்கம் சொன்னா நம்புவே இல்ல?”

“அரசாங்கம் மஞ்சள்னுதானேங்க போட்டிருக்கு?”

“இன்னிக்கு மஞ்சள்,” என்றார் எச்சரிக்கையார்.

மறுநாள் சாயங்காலம் அவள் பார்த்தபோது தீவு ரத்தச் சிவப்பாக இருந்தது. ‘சீறும் அலைகள், செங்குத்துப் பாறைகள். எக்காரணம் கொண்டும் செல்ல வேண்டாம்.’ அவள் முகம் வாடிவிட்டது. தம்பி அனுப்பிய குழந்தைப் படத்தைப் போனில் எடுத்துப் பார்த்தாள், மூடி வைத்தாள். அதைக் கண்டதும் எச்சரிக்கையாருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

“என்னம்மா செய்யறது. அரசாங்கமே சொல்லிடுச்சு,” என்று யாரோ எழுதினதுபோல உச்சுக்கொட்டினார்.

“ஆமாங்க. அரசாங்கத்தை எதுத்து நாம என்ன பண்ண முடியும்,” என்றாள் அவள்.

இங்கே ஒரு விஷயம். அவளும் உத்தியோகம் பார்க்கிறவள்தான். ஊருக்குக் குடிதண்ணீர் விடுகிற அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை. எந்தப் புகார் குப்பைத் தொட்டிக்குப் போகும், எந்தப் புகார் மேலதிகாரி மேசைக்குப் படியேறும் என்பது அவளுக்கு அத்துப்படி. பொண்டாட்டி ஆபீசில் என்ன செய்கிறாள் என்று அவர் என்றைக்குக் கேட்டிருக்கிறார்?

அந்த வாரமே எச்சரிக்கையார் வீட்டுக்குள் நுழையும்போதே குதித்துக்கொண்டு வந்தார்.

“பாத்தியா அநியாயத்தை! ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ‘உங்கள் கருத்து’ன்னு ஒரு கட்டம் உண்டு. சம்பிரதாயத்துக்கு வச்சது. இத்தனை வருஷத்துல ஒரே ஒருத்தன் அதுல எழுதினான், அதுவும் பழைய சோபா விலைக்கு இருக்குன்னு. இன்னிக்கு எவனோ ‘பயணி’ன்னு பேரை வச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேக்கறான்! நேத்து மஞ்சளா இருந்த தீவு இன்னிக்கு என்ன குத்தம் பண்ணிச்சாம்!”

“அட வேலையத்தவனே! நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“அலைகள் சீறுகின்றனன்னு போட்டேன்.”

“நல்லா போட்டீங்க. ஆனா அலை நேத்தும்தானே சீறிச்சுன்னு கேட்டா?”

“கேக்கட்டும், பாக்கறேன்!”

மறுநாள் பயணியிடமிருந்து வந்தது. அச்சு அசலாக அதே கேள்வி. எச்சரிக்கையார் ஆடிப்போனார்.

“எப்படிடீ முன்கூட்டியே சொன்னே?”

“நாள் பூரா புகார் வாங்கறவ. ஜனங்க எப்படிக் கேப்பாங்கன்னு தெரியாதா? அடுத்தது, எழுதினவர் அந்தத் தீவை நேர்ல பாத்திருக்காரான்னு கேப்பாங்க பாருங்க.”

“உன்னை மாதிரி ஒரு ஆள் என் பிரிவுல இல்லாமப் போச்சே!” என்று மனம் உருகினார் எச்சரிக்கையார். “கேட்டா என்ன சொல்லலாம்?”

“அதை நான் எப்படிங்க சொல்றது? ஆனா, இல்லைன்னு சொன்னா உங்க கௌரவம் என்ன ஆகறது!”

கௌரவம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவருக்கு வேறு எதுவும் விழவில்லை. பயணி கேட்டதும், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தட்டச்சுப் பலகை அதிர அடித்தார்: ‘இதை எழுதியவர் அந்தக் கரையின் ஒவ்வொரு கல்லையும் அறிவார்! அந்தக் கடலும் அவரை அறியும்!’

அன்று மத்தியானமே இயக்குநர் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார்.

“வாங்க சார். அந்தத் தீவை நிர்வாகம் பண்ற தீவுச் சபை கொந்தளிச்சுப் போயிருக்கு. சிவப்பைப் பாத்துட்டுக் கப்பல்ல பாதிப் பேர் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டாங்களாம்.”

“உண்மையை எழுதினா சில பேருக்குக் கசக்கத்தான் மேடம் செய்யும்!”

“அதையேதான் நானும் சொன்னேன். எங்க சாருக்கு அங்க ஒவ்வொரு கல்லும் தெரியும்னேன். ஆனா சிவப்பு போட்டா, நேர்ல பாத்த அறிக்கை வேணும். இந்தக் கப்பல்லயே போயிட்டு வந்து குடுத்துடுங்க.”

எச்சரிக்கையார் பின்வாங்கப் பார்த்தார்.

“மேடம், நான் வேணும்னா மறுபடி மஞ்சளே...”

“நேத்து உயிருக்கு ஆபத்து, இன்னிக்கு இல்லையா? அதுக்கும் நேர்ல பாத்த அறிக்கை வேணுமே.”

“இல்ல மேடம், எனக்கும் கடலுக்கும்...”

“ரொம்ப நெருக்கம்னு உங்க பதில்லயே தெரியுது. போயிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்தவர் செருப்பை ஒரு மூலைக்கும் பையை ஒரு மூலைக்கும் விட்டெறிந்தார். அந்தப் பயணி மட்டும் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். குடித்ததும் ஒரு சின்ன சந்தோஷம் தட்டுப்பட்டது.

“நான் போறது அரசாங்க வேலையா. குடும்பத்துக்கு இடமில்லை. நீ வர முடியாது!”

“பரவாயில்லைங்க. நீங்களாவது குழந்தையைப் பாத்துட்டு வாங்க. ஆனா, சபை உங்களை உள்ளே விடுமா?”

“ஏன் விடாம?” என்று எகிறியவர் சட்டென்று நின்றார். முகம் மலர்ந்தது. “ஆமா! விடாது! ‘தீவில் சொந்தம் உள்ள ஒருவர் பொறுப்பேற்று, உடன் வந்தால் மட்டுமே பிறருக்கு அனுமதி.’ நானே எழுதினது! எனக்கு யாரு பொறுப்பேத்துக்கப் போறா? உன் தம்பியா?”

“அவன் மாட்டேன்னுட்டான். அவன் பொண்டாட்டிக்கு உங்க மேல கொலைவெறி.”

“ஆகா! தங்கமான பொண்ணு! காலையில முதல் வேலையா மேடத்துகிட்ட சொல்லிடறேன். நான் தயார், தீவுதான் தயாரா இல்லைன்னு!”

நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது. கைவேலையாக இருந்த மனைவி, ஊருக்கே கேட்கிறபடி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அம்மா, தீவுச் சபைத் தலைவர் பேசறேன். எங்களுக்காக அந்தப் பக்கத்துல பரிஞ்சு பரிஞ்சு எழுதினது நீங்கதானேம்மா? ‘பயணி’ன்னு?”

“ஆமாங்கய்யா.”

எச்சரிக்கையார் நாற்காலியோடு சரிந்தார்.

“உங்களுக்கு அனுமதி தந்தாச்சு. டிக்கெட் கெடச்சுதா?”

“கெடச்சுதுங்கய்யா. சிவப்பு போட்டதுல நெறைய பேர் ரத்து பண்ணிட்டாங்க. ஜன்னலோரமாவே குடுத்தாங்க.”

“நல்லதும்மா. இன்னொருத்தருக்கும் நீங்களே பொறுப்பேத்துக்கிறதா மனுவுல எழுதியிருக்கீங்க. யாரு, சிவப்பு பூசின அந்த ஆளா? சபையில எல்லாரும் யோசிக்கிறாங்க. ஆளு எப்படி? ஆபத்து ஒண்ணும் இல்லையே?”

எச்சரிக்கையார் துள்ளி எழுந்தார். கடைசி நம்பிக்கை. போனுக்கு நேராக வாயை வைத்து, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி முழங்கினார்.

“நான் பொல்லாதவன்! சண்டை போடுவேன்! உள்ளே விட்டீங்க, தீவையே ரெண்டு பண்ணிடுவேன்! என்னை விடாதீங்க!”

“என்னம்மா அங்க சத்தம்?”

“அவர்தாங்கய்யா. சத்தம் மட்டும்தான் போடுவார். கடிக்க மாட்டார்.”



“அப்ப சரிம்மா, கூட்டிட்டு வாங்க. வெளி மண்ணு இங்க வரக்கூடாது. இறங்கினதும் காலை மட்டும் கழுவி விட்டுடுங்க.”