கொலுப் படிக்குக் கீழே ஒரு மைதானம்

விளையாட்டு அபிமானி என்றோர் இனம் நம் ஊரில் உண்டு. விளையாடுகிறவர் வேறு, இவர் வேறு. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விளையாடுகிறவருக்கு மைதானம் வேண்டும். இவருக்கு ஒரு பிரம்பு நாற்காலி போதும்.

மயிலாப்பூர் சுந்தரராமனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் என்றால் விடியற்காலையிலேயே எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, காபி டம்ளரோடு கேபிள் டிவி முன்னால் உட்கார்ந்து, பந்து போடுகிறவனுக்குக் கையை எப்படிச் சுழற்றுவது, பிடிக்கிறவன் எங்கே நிற்பது, அம்பயர் எந்தக் கடையில் கண்ணாடி மாற்றுவது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்து, அப்படியும் நம்மவர்கள் தோற்றுப்போனால் அன்று முழுவதும் வீட்டில் யாரோடும் பேசமாட்டார். சாயங்காலம் மட்டும் ஒரு வாக்கியம் வரும். "சின்ன வயசுலேயே ஓட விடணும். நம்ம ஊர்ல எங்க விடறா?"

எங்கே விடுகிறார்கள்? நல்ல கேள்வி. அவருடைய மகள் மதுவந்தியைக் கேட்கலாம்.

மது பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து கோ-கோ அணியில் ஓடுகிறாள். அபிமானியின் கணக்கில் கோ-கோ ஒரு விளையாட்டே இல்லை. மண்ணில் குந்துவது, முதுகில் தட்டுவது, எழுந்து ஓடுவது. முகம் கறுக்கும். முட்டியில் தழும்பு விழும். "பொண்ணு பார்க்க வரவா முட்டியையா பார்க்கப்போறா?" என்று ஒருமுறை மனைவி விஜயலக்ஷ்மி கேட்டுவிட்டாள். நம்மவர்கள் ஜெயித்திருந்தும் அன்று அவர் பேசவில்லை. செஸ் ஆடட்டுமே! வெயில் இல்லை, வியர்வை இல்லை, கணக்குக்கும் நல்லது. டென்னிஸ் என்றாலும் சம்மதம்தான், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பத்தாவது முடியட்டும். அப்புறம் பன்னிரண்டாவது. அப்புறம் கல்யாணம். அபிமானி விளையாட்டுக்கு இடம் தராதவர் என்று யார் சொன்னது? எப்போதும் அடுத்த வருஷத்தில் தருகிறார்.

அந்த வருஷம் நவராத்திரிச் சனிக்கிழமையில் இறுதி ஆட்டம் வந்தது. அடையாறில், சிந்தாதிரிப்பேட்டை அணியோடு. இரண்டு அணியிலும் நன்றாக ஓடுகிறவர்களை மதுரையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு எடுப்பார்கள். மது அப்பாவிடம் கேட்டாள்.

"கொலுவும் அதுவுமா பொண்ணு ஆத்துல இல்லேன்னா நன்னாவா இருக்கும்?" என்றார் தலை நிமிராமல். கடைசிப் படிக்குக் கீழே அவர் பார்க் போட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட் மைதானம். கடுகு முளைவிட்ட புல்தரை, குண்டூசி ஸ்டம்ப், பண்ருட்டி மண்பொம்மைகளில் இரண்டு அணி. "இவன் இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கணும்டி." பொம்மைகளில் ஒன்றுக்கும் முட்டியில் தழும்பு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மது பட்டுப்பாவாடை கட்டி, குங்குமச் சிமிழோடு, கொலுவுக்கு அழைத்து வரக் கிளம்பினாள். அப்பாவுக்கு ஏகத் திருப்தி. எந்தெந்த வீடு என்று கேட்கவில்லை. தோளில் துணிப்பை எதற்கென்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் தி. நகரிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட அக்கா ஜெயலக்ஷ்மி குடும்பத்தோடு வந்து, கடுகுப் புல்லை வியந்து, சுண்டலுக்குக் கை நீட்டுகிற நேரம். வாசலில் புழுதிக் காலும் வியர்த்த பனியனுமாக ஒரு பட்டாளம். நடுவில் பட்டுப்பாவாடையோடு மது.

"கொலு பாக்க இட்டாந்துச்சு அங்கிள்," என்றாள் சிந்தாதிரிப்பேட்டை கேப்டன் நிஷா. "உங்க பொண்ணு இன்னா ஓட்டம் ஓடுது! மாத்தி மாத்தித் தொரத்தியும் புடிக்க முடில. கெலிச்சது நாங்கதான். ஆனா மதுரைக்கு அதுவும் வருது."

விஜயலக்ஷ்மியின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது.

"நம்ம மதுவா? சொல்லவே இல்லையேடா," என்றாள் ஜெயலக்ஷ்மி.

இப்படிப்பட்ட நேரத்தில் நீங்களும் நானும் திணறியிருப்போம். அபிமானி திணறுவதில்லை. "சின்ன வயசுலேர்ந்து ஓட விட்டிருக்கேனே அக்கா," என்றார்.

"அப்ப மதுரைக்கு அனுப்பறியா?"

"பின்னே? நானே ரயில் ஏத்தி விடறேன்."

மது அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நிஷா சுண்டலை மென்றபடி பார்க்கைக் குனிந்து பார்த்தாள். "இன்னா அங்கிள், எல்லாம் நின்னுகினே கீறாங்க?"

விஜயதசமி முடிந்து கொலு கலைந்தது. ஒவ்வொரு பொம்மையாகப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றினார் சுந்தரராமன். அதே பதவிசாக மதுவின் கான்வாஸ் ஷூவையும் சுற்றினார்.

"ரயில் ஏத்தி விடறேன்னு சொன்னியேப்பா."

"அத்தை முன்னாடி வேற என்னத்தைச் சொல்றது? பத்திரமா இருக்கும். பத்தாவது முடியட்டும்."

மதுரைக்கு அவள் இடத்தில் வேறொருத்தி போனாள். சில நாள் கழித்து, காலையில் பேப்பரை விரித்த அபிமானியின் முகம் மலர்ந்தது. "மது, பார்த்தியா? மதுரைல நம்ம டீம் ஜெயிச்சுடுத்து!"

நம்ம டீம். மது கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். இருக்கட்டும். எதற்கும் ஒரு ஸ்டூலைப் போட்டு உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். பொம்மைகளுக்குப் பின்னால் செய்தித்தாள் சுற்றிய ஒரு ஜோடி ஷூ கிடைக்கலாம். கிடைத்தால் அவசரப்பட்டு அவளிடம் நீட்டாதீர்கள். இப்போது அது அவள் காலுக்குப் பத்தாது.