பெய்யாத மழைக்குக் குறிப்பு எழுதியவர்

பெய்யாத மழையைப் பற்றி இந்த உலகத்திலேயே மிக அதிகமாக எழுதியவர் மில்லிமீட்டர்தான். பெய்த மழையைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு ஜன்னலும் ஒரு தம்ளர் காபியும் இருந்தால் போதும். நாலு மாதம் ஒரு சொட்டுக்கூட விழாத காலத்தில், தினமும் காலை எட்டரை மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, எழுத விஷயம் இருக்கிறது என்று உட்கார்ந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே. அதற்காக அவருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை கிடைத்தது.

சென்ற மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். மனத்தில் ஏதாவது ஊற வேண்டுமானால் மலைப் பிரதேசத்துக்குப் போய்ப் பத்து நாள் மௌனமாக இருக்க வேண்டுமாம். மௌனத்தைப் பற்றி இவ்வளவு சத்தமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து மில்லிமீட்டரை நினைத்துக்கொண்டேன். அவர் வாழ்நாளில் பார்த்த ஒரே மலை திருக்கழுக்குன்றத்து மலை. அதுவும் பஸ்ஸில் போகும்போது.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலைக்குச் சற்றுத் தள்ளி, கடல் காற்று எட்டும் தூரத்தில் இருந்த ஒரு சிறிய வருவாய் அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; நடத்தை விதிகள் ஓய்வு பெறவில்லை. மில்லிமீட்டர் அங்கே பியூன். உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மழையை அங்குலத்தில் அளப்பதை நிறுத்தி மில்லிமீட்டருக்கு மாற்றிய அன்று, "இனிமே நம்மூர்ல இருவத்தஞ்சு மடங்கு மழ" என்று மீனவர் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவர் என்பதால் அந்தப் பெயர்.

அலுவலகத் தோட்டத்தில் கம்பிவேலிக்குள் மழைமானி இருந்தது. தகர உருளை, மேலே ஒரு புனல். தினமும் எட்டரைக்கு உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று கட்டங்கள்: தேதி, அளவு, குறிப்பு. குறிப்புக் கட்டத்தில் மற்ற ஊர்க்காரர்கள் 'தூறல்' என்றோ 'இடியுடன்' என்றோ எழுதுவார்கள். மழை இல்லையென்றால் ஒரு கோடு. மொத்தம் ஒரு நிமிட வேலை. மில்லிமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

"என்னய்யா, ஒரு எண் எழுத இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

"எண்ணு ஒரு நிமிசம் சார். குறிப்புதான் பேஜாரு."

"நேத்து மழையே இல்லையே. ஒரு கோடு போட்டுட்டு வாயேன்."

"கோடு போட்டா இன்னா சார் அர்த்தம்? நேத்து ஒரு நாளே கெடையாதுன்னு ஆயிடும்ல?"

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேராக, அளவு 'இல்லை' என்பதற்குப் பக்கத்தில், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன உருண்டைக் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'கிழக்கிலிருந்து மூன்று மேகங்கள் வந்தன. ஏரியை எட்டிப் பார்த்தன. விசாரித்துவிட்டு மேற்கே போயின.' அதற்கு முந்தைய வாரம்: '2.1. புனலில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. இந்த அளவில் அதன் பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை.'

அரசுப் பதிவேடு என்றால் என்ன என்று அவருக்குப் பதினைந்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். திருந்திவிட்டார் என்று நினைத்து அதோடு நான் பதிவேட்டைப் பிரிக்கவில்லை. எண்ணை அவர் வாயால் சொல்வார். நான் மேலிடத்துக்கு எழுதுவேன்.

அவருக்கு விஷயம் எங்கிருந்து கிடைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. விடிந்ததும் குப்பத்துப் பக்கம் போவார். டீக்கடை, பஸ் நிற்கும் இடம், வலை உலர்த்தும் மணல் என்று ஒரு சுற்று. அகப்பட்டவர்களிடம் மழையைப் பற்றி வாக்குமூலம் வாங்குவார். எங்கள் அலுவலக வாசலில் மீன் விற்ற தனம்தான் முக்கிய சாட்சி.

"தனம், விடிகாலைல ஒரு தூறல் வுழுந்திச்சே, எப்டி?"

"அத்த ஒரு மழன்னு கேக்க வந்துட்டியா அண்ணாத்த? பொண்ணு பாக்க வந்தவங்க கணக்கா பஜ்ஜிய துன்னுட்டு, சேதி சொல்லி அனுப்புறோம்னு பூட்ச்சு."

அன்றைய பதிவு: '0.4. பெண் பார்க்க வந்ததுபோல வந்தது. தகவல் அனுப்புவதாகச் சொல்லிச் சென்றது.' பஜ்ஜியை மட்டும் விட்டுவிட்டார். சுருக்கம் தெரிந்தவர்.

அந்த வருடம் மழை பொய்த்தது. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை காய்ந்தது. மேலிடம் விழித்துக்கொண்டு, ஆறு மாத மழைப் பதிவேட்டின் உண்மை நகலை உடனே அனுப்பச் சொன்னது. பதிவேட்டை டைப்பிஸ்ட் மரகதத்திடம் கொடுத்தேன். மரகதம் எதையும் விட மாட்டார். ஒருமுறை மூலத்தாளில் இருந்த டீக் கறையை, அடைப்புக்குறிக்குள் 'கறை' என்று அடித்தவர். நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. முப்பது வருட சேவையில் அந்த விதியை நான் மீறியது அன்று ஒரு நாள்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பத்தாம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'பார்வையில் காணும் பதிவேட்டில் மேகங்கள் மூன்று விசாரித்ததாகக் கூறப்பட்டுள்ளது. இவ்விசாரணை யாருடைய உத்தரவின் பேரில், யாரிடம் நடத்தப்பட்டது என்பதையும், விசாரணையின் முடிவையும் மறுதபாலில் தெரிவிக்கவும்.'

மேற்படி மேகங்கள் இவ்வலுவலகத்தின் கட்டுப்பாட்டில் வராதவை என்று பணிவுடன் பதில் எழுதினேன். அவ்வாறெனில் அவை எந்த அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன என்று கேட்டு அடுத்த கடிதம் வந்தது. அதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்துவிட்டது. 'அரசு வளாகத்தில், காலை எட்டரை மணிக்கு, பெண் பார்க்கும் நிகழ்ச்சி நடத்த அனுமதி வழங்கிய அலுவலர் யார்?'

பிறகு நடந்தது சிரிக்கக்கூடியதாக இல்லை. பதிவேட்டை உடனே மில்லிமீட்டரிடமிருந்து எடுத்து, தலைமை எழுத்தரே மழையை அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு வாரத்தில் ஆய்வுக்கு வரும் அதிகாரி நேரில் விசாரித்து முடிவு சொல்வார். பியூனை உள்நாட்டுப் பக்கம் இருக்கும் வேறோர் அலுவலகத்துக்கு மாற்றலாம் என்பது மேலிடத்தின் யோசனை. அங்கே மழைமானி கிடையாது.

குறிப்பாணையைப் படித்துக் காட்டினேன். மில்லிமீட்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி தூக்க சொல்லு சார், தூக்கறேன். கட்டு கட்டா பைலு சொமக்கறேன். இன்கிரிமெண்டு வேணான்னாலும் சரி. அந்தக் கட்டத்த மட்டும் எடுத்துக்காதீங்க சார்."

"நான் எடுக்கலைய்யா. உத்தரவு."

"காலைல எழுந்தா எனுக்கு அது ஒண்ணுதான் சார் கீது."

நான் பதிவேட்டை வாங்கிக்கொண்டேன். கொடுக்கும்போது அட்டையைத் தன் சட்டையால் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஒன்பது நாள் எட்டரைக்கு நான் போய்ப் புனலைப் பார்த்தேன். அளவு: இல்லை. குறிப்பு: கோடு. ஒன்பது கோடுகள், அடிக்கோல் வைத்துப் போட்டவை. மில்லிமீட்டர் தண்ணீர்ப் பானைப் பக்கம் நின்று வானத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார். தடை செய்யப்பட்ட பொருளைப் பார்ப்பதுபோல.

பத்தாம் நாள் விடிகாலையில் 3.2 மில்லிமீட்டர் பெய்தது. ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். பேனாவைத் திறந்து 'மழை பெய்தது' என்று எழுதினேன். டீ கொண்டுவந்த மில்லிமீட்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"பெஞ்சதுன்னு பக்கத்துக் கட்டத்துல எண்ணே சொல்லிகினு கீதே சார். நீங்க இன்னா பாத்தீங்க?"

"கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன்."

"அதுக்கு வெளில?"

பியூன்களின் குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல விதியில் இடமில்லை. இருந்தாலும் அது நாள் முழுக்க என் காதுக்குள்ளேயே இருந்தது.

மறுநாளும் தூறியது. அன்று அலுவலகத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டேன். காரணம் கேட்க வேண்டாம். வாசலில் தனம் தலை முழுக்க நனைந்தபடி உட்கார்ந்து, கையிலிருந்த குடையை மீன்கூடைக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கடல்லேயே இருந்த மீன் நனையக் கூடாதா?"

"இன்னா சார் படிச்சவரு நீங்க? அது உப்புத்தண்ணில வளந்தது. நல்லதண்ணி பட்டா வெளுத்துப் பூடும். எனுக்கு இன்னா, தொடச்சா போச்சு."

உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். அடித்தேன். அரசுப் பதிவேட்டில் அடித்தால் அதற்குச் சான்றொப்பமிட வேண்டும், இட்டேன். கடைசியில் இப்படி நின்றது: '1.8. மீன் விற்பவர் தம் தலையை மழைக்குக் கொடுத்துவிட்டுக் குடையை மீனுக்குப் பிடித்தார். இது பாராட்டத்தக்கது.' எழுதி முடித்தபோது மணி பத்தே கால். அன்றைய தபால் பிரிக்கப்படாமல் கிடந்தது.

ஆய்வு அதிகாரி சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே, அதாவது அன்றைக்கே, வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், சிரிப்பைச் செலவழிக்காதவர். நேராக மழைப் பதிவேட்டைக் கேட்டார். கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். மை அப்போதுதான் காய்ந்திருந்தது.

"இந்த மீன் சமாசாரத்தை எழுதினது யாரு?"

எழுத்து என்னுடையது. கீழே என் சான்றொப்பம் வேறு. அதற்குள் மில்லிமீட்டர் முன்னால் வந்து கை கட்டினார்.

"நான்தான் ஐயா. சாருக்குத் தெரியாம எழுதிட்டேன்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசும் நீதானா?"

மில்லிமீட்டருக்குள் ஏதோ போராடியது. என்னைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் எழுத்து என்று ஒன்று இருக்கிறதே.

"முழுசும் நான்தான் ஐயா. கடசீல 'பாராட்டத்தக்கது'ன்னு ஒண்ணு வருது பாருங்க, அது மட்டும் நம்மள்து இல்ல."

நான் எழுந்து நின்று, எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். இத்தனை வருடம் விதிகளை மனப்பாடம் செய்தது எதற்கு என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது.

"ஐயா, எந்தப் பதிவேட்டிலும் எந்தக் கட்டமும் காலியாக விடப்படக் கூடாது என்பது நிலையான அறிவுரை. கட்டத்தில் எவ்வளவு எழுதலாம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நிலத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. குறிப்புக்கு இல்லை."

"மழையே இல்லாத நாள்ல எதுக்குய்யா குறிப்பு?" என்று அதிகாரி மில்லிமீட்டர் பக்கம் திரும்பினார்.

"மழ இல்லாதப்போதான் ஐயா எல்லாரும் வானத்த பாக்கறான். பெஞ்சா வூட்டுக்குள்ள பூந்துக்கறான். பாக்கற நாள வுட்டுட்டு பாக்காத நாள எழுதுனா நாயமா?"

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். பிறகு முந்தைய வருடத்துப் பதிவேட்டைக் கேட்டார். பிறகு அதற்கும் முந்தையது. சாப்பாட்டு நேரம் வந்தது, கேரியர் திறக்கப்படவில்லை. உதடு ஓரம் ஒரே ஒரு முறை அசைந்ததைப் பார்த்தேன். தவளையாக இருக்கலாம்.

மாலை நாலு மணிக்கு அதிகாரி உத்தரவைச் சொல்ல, மரகதம் அடித்தார். பியூனின் இடமாற்ற யோசனை கைவிடப்படுகிறது. பதிவேடு முன்போல அவரிடமே இருக்கலாம். குறிப்புகளை அவர் இனியும் எழுதலாம். ஆனால் ஒழுங்கு கருதித் தலைமை எழுத்தர் அவற்றைத் தினமும் படித்துச் சுருக்கொப்பமிட வேண்டும். திருமண சம்பந்தமானவை தவிர்க்கப்பட வேண்டும். தலைமை எழுத்தர் தாமே குறிப்பு எழுதுவதைத் தவிர்ப்பது நலம்.

கடைசி வரியைப் படித்துவிட்டு மில்லிமீட்டர் என்னைத் தேற்றினார். "வுடுங்க சார். மீனுக்குக் கொட புடிச்சான்னதோட நிறுத்திருந்தா அவரு ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாரு."

மழைமானிக்கு விடுமுறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் எட்டரைக்கு அளந்தாக வேண்டும். ஆகவே அதற்கடுத்த மூன்று வருடம், மில்லிமீட்டர் ஓய்வு பெறும்வரை, ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் பாராமல் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "இன்னிக்குமா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "உத்தரவு" என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்குத் திங்கட்கிழமை சுருக்கொப்பமிடலாம் என்று தெளிவாகவே ஒரு விதி இருக்கிறது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை.