பாபு அண்ணனுக்கு ஒரு பொன்னாடை

என் மகனுக்கு நான் செய்த மிகப் பெரிய கெடுதலை அவனைக் காப்பாற்றுவதற்காகத்தான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு நீங்கள் என்னைத் திட்டும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆசிட் பாட்டிலைத் திறக்கும்போது எனக்குக் கை நடுங்காது. மகன் மாடிப்படியில் வேகமாக இறங்கினால் நடுங்கும். அவனை எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்று பள்ளி கேட்டுக்கு வெளியே மதியம் வரை நின்றவள் நான். (வாட்ச்மேன் பாவப்பட்டு நாற்காலி போட்டார்.) இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பிள்ளை, பதினோரு பேர் மாற்றி மாற்றிப் பந்தை யார்மேல் உதைப்பார்களோ அந்த ஆளாக, அதாவது கோல்கீப்பராக ஆனான்.

நிரஞ்சனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தாம்பரத்தில் எங்கள் பகுதி அணியான ஏரிக்கரை யுனைடெட்டின் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கீப்பர் செல்வம் விளையாடுவார். இவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். முப்பத்தொன்றாம் நம்பர் சட்டை. போன மாதிரியே மண் படாமல் வீட்டுக்குத் திரும்பும். வேறு அம்மாவாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பாள். நான் அதைத் துவைக்கப் போடும்போதெல்லாம் மனதுக்குள் கும்பிடுவேன்.

ரொம்ப நாள் கும்பிட முடியவில்லை. அந்த சீசனில் அணி வரிசையாகத் தோற்க ஆரம்பித்தது. ஆறாவது தோல்வியன்று யாரோ கோல் போஸ்டில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டார்கள்: 'அனுமதி இலவசம்'. மைதானமே சிரித்தது. செல்வத்தின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதி ஆட்டத்தில் எழுந்து போனாள். அவள் முகத்தைப் பார்த்த நான், சிரித்துக்கொண்டிருந்த என் கணவர் முரளியின் தொடையில் கிள்ளினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாளைக்கு அந்தக் கம்பத்துக்குக் கீழே என் பிள்ளை நிற்பான். இவர்கள் இதே மாதிரி சிரிப்பார்கள்.

அடுத்து என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தானே எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும்? மைதான கேட்டில் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்வதற்கான காகிதம் ஒட்டியிருந்தது. சேர்ந்தேன். சொந்தப் பெயரில் சேர்ந்தால் கீப்பரின் அம்மா என்று தெரிந்துவிடும். 'பல்லாவரம் பாபு' என்று பெயரை மாற்றி, சிங்கம் படம் வைத்தேன். மூன்று ஸ்டேஷன் தள்ளி இருந்தால் யாரும் வீடு தேடி வர மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

குரூப்பில் ஒரே சண்டை. சீனியர்களை உட்காரவைத்துவிட்டு பெஞ்சில் இருக்கும் சின்னப் பசங்களை இறக்குவதா, வேண்டாமா. இறக்கச் சொன்ன கட்சிக்கு குரூப் அட்மின் சம்பத்துதான் தலைவர். பொழிச்சலூரில் ஆட்டோ ஓட்டுபவர். டைப் செய்ய நேரமில்லாமல் குரல் பதிவாகவே அனுப்புவார். பின்னால் எப்போதும் ஹாரன் கேட்கும்.

"பெஞ்ச்ல குந்திகினு தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறதுக்கா அந்தப் புள்ளைங்கள சேர்த்தானுங்க? எப்படியும் தோக்கத்தான் போறோம். சின்னப் பசங்கள உட்டுத் தோத்தாலாவது அவனுங்க கத்துக்குவானுங்க. அந்த முப்பத்தொண்ணு நம்பரு பையன் இன்னா உசரம் கீறான், பாத்தியா?"

என் வயிற்றில் அமிலம் சுரந்ததைத் துல்லியமாக உணர்ந்தேன்.

ஓய்வு பீரியடில், ஆசிரியர் அறையின் மூலையில், விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் ஃபோனை மறைத்துக்கொண்டு பாபுவின் முதல் செய்தியை எழுதினேன். 'இன்னா மச்சான், அந்தப் பையனைத் தற்போது களமிறக்குவது உசிதமாகாது.' ஒருவர் உடனே, 'மச்சான், நீ இன்னா கோர்ட்ல வேலையா?' என்று கேட்டார். அதற்குப் பிறகு பாபு கொஞ்சம் தேறினான். 'வேஸ்ட்டுப்பா', 'டைம் ஆவும்பா' என்றெல்லாம் எழுதக் கற்றுக்கொண்டான். ஆனால் முற்றுப்புள்ளியை மட்டும் அவனால் விட முடியவில்லை.

அடுத்த ஞாயிறு கூடுவாஞ்சேரி அணியோடு ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். யாரை இறக்கலாம் என்று சம்பத் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார். அணி மேனேஜரும் குரூப்பில் இருக்கிறார், பார்ப்பார் என்றார். முதல் மணி நேரத்திலேயே சின்னப் பசங்கள் கட்சி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அதை எழுதினேன். பதற்றத்தில் பாபு போய்விட்டான், டீச்சர் வந்துவிட்டாள். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுவது போல எண் போட்டு எழுதினேன்.

'31-ஆம் எண் கீப்பரை ஏன் இறக்கக் கூடாது: 1. ஒன்பதாம் வகுப்பில் இடது மணிக்கட்டு உடைந்ததால் இடது பக்கம் பாய அரை நொடி தயங்குவான். 2. உயரமான பந்துக்குக் கோலை விட்டு முன்னால் வர மாட்டான். 3. பெயர் சொல்லிக் கத்தினால் கவனம் சிதறிவிடும்.'

பாராட்டு கொட்டியது. 'பாபு அண்ணன் ஆட்டத்த கரைச்சு குடிச்சவரு' என்றார்கள். ஓட்டு திரும்பியது. செல்வமே விளையாடட்டும் என்று முடிவானது. அன்று மாலை நான் கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று நிரஞ்சன் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்கும் வெயில் இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் கூடுவாஞ்சேரிக்காரர்கள் இரண்டு வேன் நிறைய மேளத்தோடு வந்திருந்தார்கள். நானும் முரளியும் நடு வரிசையில். எங்களுக்கு இரண்டு படி கீழே சம்பத். என்னை அவருக்கு 'முப்பத்தொண்ணோட அம்மா' என்று தெரியும், வணக்கம் வைப்பார்.

இருபதாவது நிமிடத்தில் செல்வம் ஒரு பந்துக்குப் பாய்ந்து தோளில் விழுந்தார். எழவில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. பெஞ்சில் ஒருவன் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு ஒல்லியாக இருக்கிறான் என்று நினைத்த பிறகுதான் அது யார் என்று உறைத்தது.

முரளி எழுந்து கைதட்டினார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடத்துக்குள் முதல் பந்து வந்தது. தரையோடு, இடது பக்கம். நிரஞ்சன் தயங்கினான். அரை நொடிதான். கோல். தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது, உயரமாக வந்தது. அவன் முன்னால் வரவில்லை. அவர்களில் ஒருவன் தலையால் முட்டி, திரும்பவும் இடது பக்கம் தள்ளினான்.

இடைவேளை முடிந்ததும் கூடுவாஞ்சேரிக்காரர்கள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு அவன் கோலுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். மேளத்தை நிறுத்திவிட்டு ஒரே குரலில் கூப்பிட ஆரம்பித்தார்கள். நிரஞ்சா. நிரஞ்சா. நிரஞ்சா.

ஒன்று, இரண்டு, மூன்று. என் விடைத்தாளை நான் எழுதிய வரிசையிலேயே திருத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது கோலும் இடது பக்கமே போனது. முரளி குழம்பிப்போய், "இவனுக்கு லெஃப்ட் சைடு வீக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே" என்றார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். மைதானத்தில் இருப்பவர்களில் அந்தக் காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் தப்பு.

மூன்றுக்குப் பூஜ்யம். விசில் ஊதியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கூடுவாஞ்சேரி ரசிகர் மன்றத் தலைவர், நாலு பேரோடு எங்கள் பக்கம் வந்தார். கையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பொன்னாடை.

"இங்க பல்லாவரம் பாபு அண்ணன் யாருங்க? எங்க மச்சான் ஒருத்தரு உங்க குரூப்ல இருக்காரு. அண்ணன் எழுதினத அப்படியே அனுப்பிட்டாரு. எங்க பசங்களுக்கு அத வச்சுத்தான் பிராக்டீஸே. அண்ணனுக்கு ஒரு சின்ன மரியாதை."

கேலி செய்ய வந்தாரா, உண்மையிலேயே மரியாதை செய்ய வந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முகம் பவ்யமாகத்தான் இருந்தது.

சம்பத் எழுந்தார். அவ்வளவு கோபமாக ஒரு மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஓஹோ. குரூப்ல குந்திகினே குழி பறிச்சுகிறான். எவன்டா அவன்? இரு, நம்பரு கீதுல்ல."

நம்பர்.

பெயரை மாற்றினேன், படத்தை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஆணாகவே மாறினேன். நம்பரை மாற்றவில்லை. மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைப் பிடித்தேன். விரல் வழுக்கியது.

என் ஃபோனின் ரிங்டோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிரஞ்சன் நாலு வயதில் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அந்த மழலை, டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து மைதானத்துக்கே கேட்கும்படி எழுந்தது: "அம்மா, ஃபோனு. நிரஞ்சன் பேச்சேன். அம்மா, எடு."

எல்லோரும் திரும்பினார்கள். சம்பத் தன் ஃபோனைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், துண்டித்தார். மழலை நின்றது. மறுபடி அழைத்தார். மறுபடி ஆரம்பித்தது. ஒரு பரிசோதனையை இரண்டு முறை செய்து சரிபார்க்க வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அன்று அதை வெறுத்தேன்.

"டீச்சரம்மா," என்றார் சம்பத். "நீங்களா பாபு?"

வெள்ளைச் சட்டைக்காரர் அதற்குள் உறையைப் பிரித்து, பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துவிட்டிருந்தார். விரித்ததை மடிக்க அவருக்குத் தெரியவில்லை. ஒரு கணம் தவித்தார். பிறகு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று அதை என் தோளில் போர்த்திவிட்டார். உடனே நாலைந்து பேர் கைதட்டினார்கள். நம் ஊரில் பொன்னாடையைப் பார்த்தால் கை தானாகத் தட்டிவிடும். எங்கள் அணிக்காரர் ஒருவரும் தட்டினார், பாவம், பழக்கதோஷம்.

அப்போதுதான் வேலி ஓரத்தில் நிரஞ்சனைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். தன்னுடைய நாலு வயதுக் குரலைக் கேட்டு வந்திருக்கிறான். சட்டை முழுக்க மண். எங்கள் கண்கள் சந்தித்தன. அவன் திரும்பி நடந்தான்.

அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான், கதவைச் சாத்திக்கொண்டான். ஷூ வாசலில் இல்லை. எங்கே என்று பார்த்தேன். பழைய பேப்பரோடு மூட்டை கட்டிப் போட்டிருந்தான். இரண்டு வருடமாக, அவன் விளையாட்டை விட்டால் போதும் என்று வேண்டியவள் நான். விட்டுவிட்டான் போலிருந்தது. எனக்கு வந்த பயத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த மூட்டையைப் பேப்பர்காரர் எடுத்துப் போய்விடக் கூடாதே என்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினான். கையில் பந்து.

"சம்பத் அண்ணன்கிட்ட நீ எழுதினத வாங்கிப் படிச்சேன். மூணும் கரெக்ட். எங்க கோச்சே இத சொன்னதில்ல."

நான் கலைந்த முடியை அள்ளி முடிந்தேன்.

"ஊருக்கெல்லாம் சொன்னியே, எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சுடா. நீ நின்னு, அவங்க சிரிச்சா..."

"எனக்கு மட்டும் பயமா இல்லயா?" என்றான். அவனுக்கும் பயம் இருக்கும் என்பது பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. முழுவதையும் நான் ஒருத்தியே பட்டு முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். "வா. கீழ வந்து லெஃப்ட்ல தூக்கிப் போடு. நீதான கண்டுபிடிச்ச."

அன்றிலிருந்து தினமும் காலையில் அபார்ட்மென்ட் கார் நிறுத்தத்தில், நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அவனுடைய இடது பக்கமாகப் பந்து எறிகிறேன். 'இன்னும் வேகமா' என்பான். எனக்கு எறியவும் பயம். போதாததற்கு முரளி மேலே பால்கனியில் காபியோடு நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார். மூன்றாவது பாயிண்டுக்கான பயிற்சியாம். அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் இரண்டு முறை புகார் எழுதிவிட்டார். இந்த வருடம் நிரஞ்சன்தான் முதல் கீப்பர்.

வீட்டில் நான் இப்போது யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்ல முடியாது. நாத்தனார் வைத்த ரசத்தில் உப்பு கம்மி என்று நான் ஆரம்பித்தாலே போதும், யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "மெதுவா. கூடுவாஞ்சேரிக்குக் கேட்டுடப் போவுது" என்பார்கள். கல்யாண வீடுகளில் முரளி இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். மழலைக் குரலை அவரே பேசியும் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நிரஞ்சன்தான் அதிகம் சிரிப்பான். நானும் சிரிக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் இடது பக்கம் பாயும்போது இன்றும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். பிடித்தானா, விட்டானா என்று இரண்டு படி கீழே இருந்து சம்பத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"புட்ச்சிட்டான் பாபு அண்ணே. கண்ணத் தொற."