சுவரோரத்தில் ஒரு சதி

என்னைக் கேட்காமல் இந்த வீட்டில் இனி ஒரு செங்கல்கூட அசையக் கூடாது என்று முடிவு செய்தேன். காரணம், கொத்தனார்.

எங்கள் வீட்டைச் சுற்றி, அஸ்திவாரத்தை ஒட்டி, ஒரு பழைய சிமெண்டுத் தளம். வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டியது, மண் இறங்கிச் சுவர்ப்பக்கமே சரிந்துவிட்டது. மழைத் தண்ணீர் முழுவதையும் சுவர் குடித்தது. படுக்கையறையில் ஈரம் யானை அளவுக்குப் படர்ந்திருந்தது. "உடைச்சுட்டுப் புதுசாப் போடணும்" என்று மனைவி இரண்டு வருடமாகச் சொன்னாள். "அடுத்த வாரம்" என்று நானும் இரண்டு வருடமாகச் சொன்னேன்.

திடீரென்று அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். என் சந்தேகத்துக்கு அஸ்திவாரம் விழுந்தது அங்கேதான்.

மறுநாள் பின்பக்கம் போனால், அவளும் கொத்தனாரும் குசுகுசு. என்னைப் பார்த்ததும் கப்சிப். அடுத்த நாளும் அதே கதை. கொத்தனார் கையில் அளவு டேப் வேறு.

"என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அளவு? விஷயத்தை உடைச்சுச் சொல்லு."

"எனக்கு எதையும் உடைக்கத் தெரியாது. கொத்தனார் உடைப்பாரு."

"உன் தம்பி எப்ப வர்றான்?"

"அவன் எதுக்கு இப்ப?" என்று சிரித்தாள்.

சிரிப்பே காட்டிக்கொடுத்தது. மச்சினனுக்கு அறை! போன தடவை இரண்டு நாள் என்று வந்தவன் ஏழு மாதம் இருந்தான். தளத்தை உடைக்கிற சாக்கில் கொத்தனார் நாலடி தள்ளி அறைக்கு அஸ்திவாரக் குழி தோண்டிவிடுவார்.

"கொத்தனார் கை வைக்கக் கூடாது. நானே உடைக்கிறேன்!"

"உங்களால முடியாதுங்க."

"யாரைப் பார்த்து என்ன சொல்றே?"

மூன்று நாள். சம்மட்டி இறங்கினால் சிமெண்டில் ஒரு விரிசல், என் இடுப்பில் இரண்டு. கடப்பாரையால் நெம்பி, துண்டுகளைக் கூடை கூடையாகச் சுமந்து வாசலில் கொட்டினேன். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்து, "அந்த மூலை பாக்கி" என்று கரிசனமாகக் காட்டினாள்.

நாலாம் நாள் கொத்தனார் வந்து சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதம் சார். அம்மா சொன்ன மாதிரியே முடிச்சிட்டீங்க."

"என்ன சொன்னா?"

"'சொன்னா உடைக்க மாட்டாரு, சந்தேகப்பட்டா உடைப்பாரு'ன்னாங்க."

"அப்ப ரெண்டு நாளா அப்படி என்னதான் குசுகுசுன்னு பேசினீங்க?"

"பேச என்ன சார் இருக்கு? நீங்க வர்ற வரைக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டிருந்தோம்."