சாவு வீட்டு வயர்

பதினோராவது வயரும் சேரவில்லை.

ரஜீவ் அதைச் சுருட்டி பிஸ்கட் டின்னுக்குள் திரும்பப் போட்டான். தட்டை வாய் உள்ளவை நான்கு. எப்படிப் போட்டாலும் உள்ளே போகிறவை மூன்று. எதற்கென்றே தெரியாதவை மூன்று. ஒன்று, வீட்டில் இப்போது இல்லாத ஒரு ரேடியோவுடையது. மேசையில் அவன் மனைவி சுபாஜினியின் போன் கிடந்தது. ஒரு வருடமாக அப்படியேதான் கிடக்கிறது.

"கெடச்சிச்சா மாப்புள?" அடுப்படியிலிருந்து மாமியார் மாரியாயி கேட்டாள்.

"இல்ல அத்தை. பார்க்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சுபாஜினிக்கு வருசத் திவசம். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். கல்யாண அல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். அடையாள அட்டையில் யாரோ மிரட்டியதுபோல முழிக்கிறாள். மாரியாயி கேட்பது மஞ்சள் சேலைப் படம். தெமோதரை ஸ்டேஷனில் நின்று அவளே எடுத்துக்கொண்டது, வாய்விட்டுச் சிரித்தபடி. அது அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது. எனக்கும் அனுப்பு என்று ரஜீவ் ஒருநாளும் கேட்டதில்லை.

சுபாஜினிக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். எந்தக் குழந்தை தூக்கி எறிந்தாலும் உடையாத போன் வேண்டுமென்று தேடி வாங்கினாள். ரப்பர் கவசம் போட்ட போன். சார்ஜ் செருகும் துளை உள்ளே ஆழத்தில் இருந்தது. சாதாரண வயர் உள்ளே போகும், ஆனால் தொடாது. அதற்கென்று நுனி நீண்ட வயர் ஒன்று கூடவே வந்தது.

அதே வயர்தான் ரஜீவின் எமர்ஜென்சி லைட்டுக்கும் பொருந்தியது. வீட்டில் சண்டை அங்கேதான் தொடங்கியது.

அவன் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். ஆகவே நேரசூசி ஒன்று எழுதி சுவரில் ஒட்டினான். ஆறு முதல் எட்டு வரை லைட். எட்டு முதல் பத்து வரை போன். சுபாஜினி அதன் கீழே பென்சிலால், 'சோறு எத்தனை மணிக்கு?' என்று எழுதினாள். நேரசூசியை மீறியது பெரும்பாலும் அவன்தான். வயரை அவள் போனிலிருந்து பிடுங்குவான். "நாளைலேருந்து எடுக்க மாட்டேன்" என்பான். அந்த நாளை வரவேயில்லை.

அவள் காய்ச்சலில் விழுந்த அன்று லைட்டையும் வயரையும் பையில் போட்டுக்கொண்டு பதுளைக்கு வினாத்தாள் திருத்தப் போயிருந்தான். அவள் போனில் சார்ஜ் இல்லை. அதற்கு மேல் அவன் யோசிப்பதில்லை.

அடுத்த மூன்று நாள் அவனுக்கு நினைவில் இல்லை. யாரோ கையைப் பிடித்தார்கள். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஹாலிஎலயில் ரிப்கானின் போன் கடைக்குப் போனான். ரிப்கான் ஒரு பெட்டி நிறைய வயரைக் கொட்டி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த நீட்டு நுனி இப்ப வாறல்ல சேர். போனத் தொறந்து பார்க்கலாம். ஆனா உள்ளுக்குள்ள இருக்கிறது அழிஞ்சா எனக்கிட்டக் கேக்கப்படாது."

ரஜீவ் போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆக, அந்த வயர்தான் வேண்டும். அது எங்கே? சாவுக்கு முன்பு வரை இருந்தது. சாவுக்குப் பிறகு இல்லை. அன்று லயத்து வரிசை வீட்டாட்கள் அத்தனை பேரும் வீட்டுக்குள் வந்துபோனார்கள். யாரோ சார்ஜ் போட்டுவிட்டு எடுத்துப் போயிருக்க வேண்டும். விஞ்ஞான முறைப்படி யோசித்தாலும் வேறு முடிவு வரவில்லை.

அன்று மாலை பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமியிடம் பட்டும் படாமலும் கேட்டான். அன்றைக்கு நம் வீட்டில் யாராவது போன் சார்ஜ் போட்டார்களா, ஒரு வயரைக் காணவில்லை, பரவாயில்லை, சும்மாதான் கேட்டேன் என்றான்.

விஜயலெட்சுமி சும்மா இருப்பவள் அல்ல.

வெள்ளி காலை பெரட்டில், கங்காணி பேர் வாசித்து ஆட்களை மலைக்குப் பிரித்து விடுவதற்குள், செய்தி எல்லாருக்கும் போய்விட்டது. தோட்டத் தலைவர் சுரேஸ் முன்னால் வந்து நின்றார். சேர் வீட்டுச் சாவன்று ஒரு வயர் போயிருக்கிறது. யார் எடுத்தது என்று கேட்கப்போவதில்லை. கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டால் போதும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சாவு வீட்டுச் சாமான் வீட்ல தங்குனா என்னாகும்னு நான் சொல்லத் தேவல்ல" என்றும் சொல்லிவிட்டார்.

சொல்லத் தேவையில்லைதான். சாவு வீட்டிலிருந்து கேளாமல் வந்த பொருள் இன்னொரு சாவைக் கூட்டி வரும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். யாருடைய வீட்டில் எந்த வயர் எப்படி வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. லயத்தில் சார்ஜர்கள் ஊர் சுற்றுபவை. இன்று ஒரு காம்பராவில் இருப்பது நாளை நாலு காம்பரா தள்ளி இருக்கும்.

ரஜீவ் பள்ளியிலிருந்து வந்தபோது வாசற்படியில் முப்பத்தேழு வயர் கிடந்தது. பல, சுவரில் செருகும் சார்ஜரோடேயே. ஒன்றில் திருநீறு பூசியிருந்தது. ஒருவர் எதற்கும் இருக்கட்டுமென்று இஸ்திரிப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

முப்பத்தேழையும் செருகிப் பார்த்தான். ஒன்றும் தொடவில்லை.

அவரவர் வயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். அனுதாபத்தோடு கேட்டார்கள், ஒருவரும் வரவில்லை. சாவு வீட்டு வாசலில் ஒரு பொழுது கிடந்ததை எப்படித் திரும்ப எடுப்பது? சனிக்கிழமை விடியும்போது லயத்தில் ஒரு போனிலும் உயிர் இல்லை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தாய்மாருக்குப் போன் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தோட்டத்து ஒபீசுக்கே எடுத்து, லயத்துக்கு என்ன ஆனது, மண்சரிவா என்று கேட்டார்களாம்.

தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் பூசாரியைக் கூட்டிவந்து வயர் குவியலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். தீட்டுப் போய்விடும், எடுத்துக்கொள்ளலாம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அந்த இடத்தில் தடுத்திருக்க வேண்டும். ரஜீவ் தடுக்கவில்லை. பூசாரி மனம் நிறையத் தெளித்தார்.

மாலை ஆறு மணிக்கு, ஈரம் காயாத சார்ஜர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுவரில் செருகப்பட்டன. எங்கோ ஒரு வெடிச் சத்தம். லயம் முழுக்க இருண்டது.

எல்லாரும் ரஜீவின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாளைக்குத் திவசம், இருட்டில் எப்படிச் சமைப்பது என்று ஒருத்தி கேட்டாள். தேங்காய் துருவுகிற மெசின் போச்சு என்றாள் இன்னொருத்தி. படம் வேண்டாம் மாப்புள, இருக்கிற படமே போதும் என்று மாரியாயி அவன் கையைப் பிடித்தாள்.

அவன் கையை உதறினான். ஒரு வருடமாகச் சத்தம் போட்டுப் பேசாத மனிதன்.

"செத்த வீட்ல கூடவா கை வைப்பீங்க? அவ சிரிச்ச படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எடுத்தவுங்க குடுத்துருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

விஜயலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தேழு வயர் கொடுத்தவர்கள், கொடுக்காமல் விட்ட முப்பத்தெட்டாவது ஆளைப்போல் தலை குனிந்து நின்றார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அழகர் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை. சாவு விழுந்தால் பெட்டி மூடி ஆணி அடிப்பதும் அவர்தான். மகள் வீட்டுக்கு கொஸ்லந்தவுக்குப் போய் மூன்று நாள் கழித்து, திவசத்துக்காக இப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். கையில் டோர்ச் லைட். இது என்ன கூட்டம் என்று கேட்டார். சொன்னார்கள்.

"எந்த வயரு சேர்? நுனி நீட்டா, கறுப்பா இருக்குமே, அதுவா?"

"அதேதான். பாத்தீங்களா? யார்கிட்ட இருக்கு?"

அழகர் டோர்ச்சைத் தரைக்குத் தாழ்த்தினார்.

"நான் ஆணி அடிக்கிறதுக்கு முந்தி, 'இனிமே ஒன்னோடத எடுக்க மாட்டேன்'னு சொல்லிச் சொல்லி, நீங்கதான சேர் அத அந்தப் புள்ள கையில சுத்தி வச்சீங்க."