துப்பாக்கிக்கு இரண்டு கோட்டு பச்சை

துப்பாக்கி வியாபாரம் செய்யலாம் என்ற யோசனை எனக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வந்தது. இரண்டாயிரம் பிறந்த புதிது. வேலைக்கு விண்ணப்பம் அடிக்கப் போனவள், சும்மா ஒரு பக்கத்தைத் திறந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டில், ராணுவம் கழித்துப்போட்ட பழைய ரைபிள்களைப் பொதுமக்கள் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க் கறை, கீறல், முத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம். கீறல் கூடக்கூட மவுசு கூடியது. என் விண்ணப்பம் பாதியிலேயே நின்றது.

நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். (பி.காம். படித்தவள். என் முட்டாள்தனம் வேறு வகை.) ஆனால் ராயபுரத்தில் பாய் ஒருவரின் காயலான் கடையில், ராணுவ ஏலத்தில் வந்த ரைபிள் கட்டைகள் குவிந்து கிடந்தன.

"இரும்பையெல்லாம் அங்கியே துண்டு துண்டா வெட்டிட்டாங்கம்மா. கட்டை மட்டுந்தான் நம்மகிட்ட வந்துது" என்றார் பாய். "டீக்கடைக்காரன் அடுப்புக்குக் கேட்டுகினு கீறான். உனுக்கு இன்னாத்துக்கு?"

"சேகரிக்கிறவங்களுக்கு விக்கப் போறேன் பாய்."

"அடுப்புதான் நல்ல பார்ட்டி" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

என் நைனாவுக்குத் திருவொற்றியூரில் சின்ன லேத் பட்டறை. அங்கே மூத்த டர்னர் தாஸண்ணன், குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையே இல்லாத ஓர் இரும்புத் தண்டைக் கடைந்து பொருத்தினார். சுவரில் மாட்டத்தான் ஆகும், கொசுவைக்கூடச் சுடாது. அப்படியும் நைனா மிரண்டார்.

"போலீசு வந்தா நான் இன்னான்னு சொல்றது? எம்பொண்ணு யுத்தத்துக்குப் போவுதுன்னா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஆயுத பூஜைக்குள் அது விற்றால் வியாபாரம் என் இஷ்டம். விற்காவிட்டால், மறுநாள் விஜயதசமியன்று, துறைமுகத்துக்கு எதிரில் நைனா பார்த்து வைத்திருக்கும், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நல்ல நேரம் பார்த்துச் சேர்ந்துவிட வேண்டும்.

அந்தக் கட்டையில் ஒரு விசேஷம் இருந்தது. அடிப்பக்கத்தில் யாரோ ஒரு தமிழ்ச் சிப்பாய் கத்தியால் 'ம' என்று ஓர் எழுத்தைச் செதுக்கியிருந்தான். மனைவியோ, மகளோ, மதுரையோ, தெரியாது. படம் எடுத்து, ஸ்கேன் பண்ணி, சேகரிப்பாளர்கள் அரட்டையடிக்கும் ஓர் இணையதளத்தில் போட்டேன். அண்ணாநகரிலிருந்து, கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பதில் போட்டார்: 'அந்த ம-வுக்காகவே வருகிறேன். பூஜை விடுமுறையன்று சந்திப்போம்.'

ஆபீஸ் நாற்காலியிலிருந்து தப்பித்தேன் என்று பிரவுசிங் சென்டரிலேயே ஒரு குதி குதித்தேன்.

பட்டறைக்காரன் மகளுக்கு மறந்திருக்கக் கூடாத ஒன்று மறந்துபோனது. பூஜைக்கு முந்தின நாள் பட்டறையில் எதுவும் பழையதாக இருக்கக் கூடாது. லேத்திலிருந்து ஸ்பேனர் பெட்டி வரை துடைத்து, தேய்த்து, புது பெயிண்ட் அடிப்பார்கள். அன்றைக்கு நான் கேப்டனுக்குக் கொடுக்க முறுக்கு வாங்கப் போயிருந்தேன்.

மறுநாள் காலை கேப்டனோடு பட்டறைக்குள் நுழைந்தேன். லேத் மேல் மாலை. டிரில்லிங் மெஷின் மேல் மாலை. நடுவில், வாழையிலை மேல், பொரி கடலைக்குப் பக்கத்தில், பளபளவென்று லேத்தின் அதே பச்சை நிறத்தில், சந்தனமும் மூன்று குங்குமப் பொட்டும் வைத்துக்கொண்டு என் ரைபிள் படுத்திருந்தது.

கேப்டன் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். "அந்த எழுத்து..."

"அதுவா சார்?" தாஸண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "எவனோ கலீஜு பண்ணி வச்சிருந்தான். பட்டி வச்சி அடைச்சி, உப்புத்தாள் போட்டு தேச்சி, ரெண்டு கோட்டு குடுத்துகீறேன். இப்ப சோக்கா கீதா?"

கேப்டன் அதைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினார்.

"சார் சார், தொடாதீங்க!" நைனா பாய்ந்தார். "பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளிக்கு வாங்க. காயவும் இல்ல."

கேப்டன் விரல் நுனியில் ஏற்கெனவே பச்சை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"கப்பல்ல அசையாம நிக்கிறதுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்போம்மா. உங்க ஆளுங்க நம்மளையே மிஞ்சிட்டாங்க."

இரண்டு தட்டு சுண்டல் சாப்பிட்டார். முறுக்கைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார். ரைபிளை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போனதும் நைனாவிடம் கத்தினேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய் நின்றார். "மொத யாவாரம் கண்ணு. அழுக்கும் கீறலுமா குடுத்தா பார்ட்டி உன்னிய இன்னா நெனப்பான்? நான்தான் தாஸு கையில சொன்னேன், நம்ம லேத்துக்கு அடிக்கிற பெயிண்டே அடின்னு." பட்டறையில் இருந்ததிலேயே உசத்தியான பெயிண்ட் அதுதான். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் நல்ல நேரத்தில் கிளியரிங் ஆபீசில் சேர்ந்தேன். இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். என் கல்யாணத்தில் தாஸண்ணன் மணவறைக்கே வந்து, "மாப்ளைக்கு எத்தினி கோட்டு பாப்பா?" என்று கேட்டார். என்னவரின் நிறத்தைப் பற்றி என்று நினைத்து மாமியார் முறைத்தார்.

ரைபிள் பட்டறையிலேயே தங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைத்திருக்கிற ஒரே பட்டறை எங்களுடையதுதான் என்று நைனாவுக்குப் பெருமை. முதல் பொட்டு அதற்குத்தான். வருஷா வருஷம் ஒரு கோட்டும் உண்டு. இப்போது அது வெண்டைக்காய் மாதிரி இருந்தது போய்ச் சுரைக்காய் மாதிரி ஆகிவிட்டது. கேப்டன் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வரி எழுதுவார்: 'ம நலமா?'

இந்த வருஷம் பெயிண்டைக் கரைக்கும் திரவம் ஒரு டப்பா வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டாக உரித்து, பட்டியைக் கிளறி, அந்த 'ம'வை வெளியே எடுத்து, அண்ணாநகருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தாஸண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

"தாராளமா சொரண்டு பாப்பா" என்றார். "அப்பால இன்னா கலரு?"